ஸ்கோப் இருந்தால் ஸ்னைப்பர் ஆகிவிடுமா? பழைய போர் ரைஃபிளின் அசல் தன்மையைச் சோதிப்பது எப்படி

புதுச்சேரியிலும் கடலூரிலும் பழைய வீடு ஒன்றை இடிக்கும்போதோ பரணை ஒழிக்கும்போதோ ஒரு நீளத் துப்பாக்கி வெளியே வந்தால், அதோடு ஒரு கதையும் வந்துவிடும். பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக (சிப்பாயாக) இருந்த தாத்தாவுடையது என்பார்கள். அல்லது இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையிலிருந்து வந்தது என்பார்கள். மேலே ஒரு தொலைநோக்கி (ஸ்கோப்) பொருத்தப்பட்டிருந்தால் போதும், அது மறைந்திருந்து தூரத்து இலக்கைச் சுடுபவரின் "ஸ்னைப்பர் ரைஃபிள்" என்றும் லட்சக்கணக்கில் விலை போகும் என்றும் வாட்ஸ்அப்பில் படம் சுற்றத் தொடங்கிவிடும்.

இதில் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றாகக் குழம்புகின்றன. அது நிஜத் துப்பாக்கிதானா? நிஜமென்றால், ராணுவத் தொழிற்சாலையே ஸ்னைப்பராக மாற்றியதா, பிற்பாடு யாரோ ஸ்கோப் மாட்டியதா? அப்புறம், அதை வீட்டில் வைத்திருக்கலாமா? முதல் இரண்டும் இரும்பையும் மரத்தையும் பார்த்துச் சொல்ல வேண்டியவை. மூன்றாவது சட்டம் சொல்ல வேண்டியது.

முதலில் சில சொற்கள்

ரைஃபிள் என்பது குழலின் உட்புறம் திருகுபோலச் சுழலும் வரிப்பள்ளங்கள் கொண்ட துப்பாக்கி. அந்தப் பள்ளங்கள்தான் குண்டைச் சுழலவைத்து நேராகப் போகச் செய்கின்றன. வேட்டைக்கு வைத்திருக்கும் பன்னிரண்டு போர் (குழல் அளவு) துப்பாக்கியில் இந்தப் பள்ளம் இருக்காது.

ரிசீவர் என்பது குழலின் பின்முனை பொருந்தும் எஃகு உடல். தோட்டாவை உள்ளே தள்ளும் போல்ட் இதற்குள்தான் முன்னும் பின்னும் போகிறது. துப்பாக்கியின் அடையாளமே இந்தப் பகுதிதான். மற்ற எதையும் கழற்றி மாற்றலாம்.

தோளில் அணைக்கும் பின்கட்டையைப் பட் என்கிறார்கள். ஸ்கோப்பைத் தாங்கும் உலோகச் சட்டம் பிராக்கெட். அந்தச் சட்டம் உட்காருவதற்காக ரிசீவரில் பதிக்கும் தடித்த இரும்புத் துண்டு பேட்.

ஸ்னைப்பர் ரைஃபிள் எப்படி உருவானது

உலகப் போர்க் காலத்தில் பெரும்பாலான நாடுகள் ஸ்னைப்பருக்கென்று புதிதாக ஒரு துப்பாக்கியை வடிவமைக்கவில்லை. சாதாரணச் சிப்பாய்க்காகச் செய்த ரைஃபிள்களைச் சுட்டுப் பார்த்து, குறி தவறாமல் சுடுபவற்றைப் பொறுக்கியெடுத்து ஸ்கோப் பொருத்தின. போலி செய்வது எளிதாக இருப்பதற்கு இதுதான் காரணம். அடிப்படைத் துப்பாக்கி லட்சக்கணக்கில் கிடைக்கிறது. அதன்மேல் செய்த மாற்று வேலைதான் அரிது. இரண்டுக்கும் நடுவே உள்ள விலை வித்தியாசம் பெரியது. ஆகவே சோதிப்பவர் பார்க்க வேண்டியது துப்பாக்கியை அல்ல, அந்த மாற்று வேலையை.

நம் பகுதியில் அதிகம் பேசப்படுவது .303 என்று எல்லோரும் சொல்லும் பிரிட்டிஷ் லீ என்ஃபீல்டு. அதன் ஸ்னைப்பர் வடிவம் "நம்பர் 4 மார்க் 1 டி". 1942 முதல் 1945 வரை இந்த மாற்று வேலையில் பெரும்பகுதியைச் செய்தது லண்டனின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனம். பணக்காரர்களுக்கு வேட்டைத் துப்பாக்கி செய்துகொடுத்த பட்டறை அது. சுமார் 26 ஆயிரம் ரைஃபிள்கள் அங்கே மாற்றப்பட்டன. பெரும்பாலானவை பர்மிங்ஹாம் அருகே ஷெர்லியில் இருந்த பிஎஸ்ஏ தொழிற்சாலையில் பிறந்தவை. சாதாரண ரைஃபிளைவிடக் கடுமையான துல்லியச் சோதனையில் தேறினால்தான் அது படைக்குப் போகும்.

நம்பர் 4 டி: எங்கெங்கே பார்க்க வேண்டும்

1. இடப்பக்க பேட்கள். ரிசீவரின் இடது சுவரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு பேட்கள் திருகாணியாலும் ஈயப் பற்றாலும் பிணைக்கப்பட்டிருக்கும். சுடும் அதிர்ச்சியில் முன் பேட் தளர்ந்ததால், திருகாணித் தலைகள் சுழலாதபடி ஓரத்தில் உளியால் தட்டிப் பூட்டினார்கள். புத்தம்புதுத் திருகாணியும் தட்டிய தடமே இல்லாத தலையும் கண்ணில் பட்டால் பேட் பிற்காலத்தில் வந்திருக்கலாம். பேடைச் சுற்றிய கருப்புப் பூச்சும் ரிசீவரின் பூச்சும் ஒரே வயதாகத் தெரிகின்றனவா என்றும் பாருங்கள்.

2. "டி" (T) மற்றும் "டிஆர்" (TR) எழுத்துகள். பிஎஸ்ஏ தொழிற்சாலை ஸ்னைப்பருக்கென்று தேர்ந்தெடுத்த ரைஃபிள்களில், பட் செருகும் இரும்புக் குழியின் இடப்பக்கத்தில் "டிஆர்" என்று குத்தியது. மாற்று வேலை முடிந்து ஏற்கப்பட்ட பின் ரிசீவரின் இடது சுவரில் "டி" குத்தப்பட்டது. அதாவது முதலாவது தேர்வைச் சொல்கிறது, இரண்டாவது தேர்ச்சியைச் சொல்கிறது. தேர்வாகியும் மாற்றப்படாமல் போனவை உண்டு என்பதால் "டிஆர்" மட்டும் இருந்தால் போதாது.

3. "எஸ்51" (S51). இது ஹாலண்ட் அண்ட் ஹாலண்டின் போர்க்கால ரகசியக் குறியீடு. பட் கட்டையின் அடிப்புறத்தில் மரத்தில் பதிந்திருக்கும். போலிக்காரர்கள் முதலில் குத்துவதும் இதைத்தான். 80 ஆண்டு கைபட்ட மரத்தில் எழுத்தின் விளிம்புகள் மழுங்கி, உள்ளே எண்ணெயும் அழுக்கும் இறங்கிக் கறுத்திருக்க வேண்டும். விளிம்பு கூர்மையாக, உள்ளே வெளிர்நிற மரநார் தெரிந்தால் அது சமீபத்திய வேலை.

4. எண் பொருத்தம். ரைஃபிளின் வரிசை எண் அதன் பிராக்கெட்டில் இருக்கும். ஸ்கோப்பின் எண் பட்டின் கழுத்துப் பகுதியில், மேலே மரத்தில் குத்தப்பட்டிருக்கும். போல்ட் கைப்பிடியிலும் முன்கட்டையின் அடிநுனியிலும் ரைஃபிள் எண் உண்டு. ரைஃபிள், பிராக்கெட், ஸ்கோப் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று சொல்லிக்கொள்வதுதான் இந்தத் துப்பாக்கியின் பெரிய சாட்சி. ஒரு ஸ்கோப்பை வேறு ரைஃபிளில் மாட்டினால் குறி விலகும் என்பதால் ராணுவமே இவற்றைத் தொகுப்பாகத்தான் வைத்திருந்தது.

5. ஸ்கோப். அது "நம்பர் 32" வகையாக இருக்க வேண்டும். மார்க் 1, 2, 3 என்று அடுத்தடுத்து மேம்பட்டது. முதலில் பிரென் இயந்திரத் துப்பாக்கிக்காக யோசிக்கப்பட்ட ஸ்கோப் இது. மேலே உள்ள தூரத் திருகு 1000 கஜம் வரை குறிக்கும். 1942இல் மாற்றிய ரைஃபிளில் மார்க் 3 ஸ்கோப் இருந்தால் அது பிற்பாடு மாற்றப்பட்டது என்று அர்த்தம். போலி என்று உடனே சொல்லிவிட முடியாது, ஆனால் "ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறது" என்ற பேச்சு அங்கே முடிந்துவிடும்.

6. சின்ன வேலைகள். கன்னம் வைக்க பட்டின்மேல் இரண்டு திருகாணியில் நிற்கும் மரத் துண்டு, தோட்டாப் பெட்டியான மேகசினுக்கு முன்னால் கூடுதலாக ஒரு வார் வளையம், ஸ்கோப் இல்லாமல் குறிபார்க்க உதவும் இரும்பாலான பின்குறியில் ஸ்கோப்புக்கு இடிக்காமல் இருக்கத் தேய்த்து எடுக்கப்பட்ட போர்க்குறித் துளை. இந்தக் கடைசி அம்சத்தை நான் மிகவும் நம்புகிறேன். விற்பனைக்காகச் செய்யும் ஆள் முத்திரையைப் பற்றிப் படித்திருப்பான். ஒரு பயன்பாட்டுக் காரணத்துக்காகத் தேய்க்கப்பட்ட துண்டு அவன் நினைவுக்கு வராமல் போகலாம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு முத்திரை இல்லை என்பதாலேயே தள்ளிவிடவும் கூடாது. 1930களில் சோதனைக்காகச் செய்த ரைஃபிள்களை என்ஃபீல்டு அரசுத் தொழிற்சாலையே மாற்றியது. அவற்றில் "எஸ்51" தேடுவது வீண். கனடாவின் லாங் பிராஞ்ச் தொழிற்சாலை தன் ஸ்னைப்பர்களை அங்கேயே முடித்தது. அவற்றில் ஆர்இஎல் என்ற கனடா நிறுவனத்தின் ஸ்கோப் வரும், லண்டன் முத்திரை வராது. போருக்குப் பின் தொழிற்சாலையில் முழுதாகச் சீர் செய்யப்பட்டவற்றில் "எஃப்டிஆர்" (FTR) என்றும் ஆண்டும் குத்தியிருக்கும். அவற்றில் பாகங்கள் மாறியிருப்பது இயல்பு. கல்யாணத்துக்கு ஒரே ஒரு பொருத்தம் பார்த்து முடிவு செய்யாததுபோலத்தான் இதுவும். எத்தனை பொருந்துகிறது, பொருந்தாததற்கு நியாயமான காரணம் உண்டா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பிரெஞ்சு ரைஃபிள்: புதுச்சேரிக்காரர்கள் கவனிக்க வேண்டியது

கடற்கரைச் சாலையில் இருக்கும் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னம், முதல் உலகப் போரில் பிரான்ஸுக்காக உயிர்விட்ட இங்கத்திய ஆட்களை நினைவுகூர்வது. அதன்பின் இந்தோசீனாவுக்கும் அல்ஜீரியாவுக்கும் போன குடும்பங்கள் இன்றும் இங்கே உண்டு. ஆகவே பிரெஞ்சு ரைஃபிள் பற்றிய பேச்சு இங்கே இயல்பாக எழுகிறது. பிரெஞ்சு ரைஃபிளைச் சோதிக்கும் வழியோ லீ என்ஃபீல்டின் வழிக்கு நேர்மாறானது.

1949இல் வந்த மாஸ் 49 என்ற ரைஃபிளிலும், அடுத்து வந்த 49/56 வடிவத்திலும், ரிசீவரின் இடப்பக்கத்தில் ஸ்கோப் சறுக்கி உட்காரும் தண்டவாளம் ஆலையிலேயே கடையப்பட்டிருக்கும். ஸ்னைப்பருக்கு மட்டுமல்ல, சாதாரணச் சிப்பாயின் ரைஃபிளுக்கும் அது உண்டு. ஏபிஎக்ஸ் எல்806 என்ற 3.85 மடங்கு ஸ்கோப்பை எந்த மாஸ் 49இலும் சில நொடிகளில் மாட்டிவிடலாம். துளை போடவோ பற்றவைக்கவோ வேண்டாம். லீ என்ஃபீல்டில் பேட் இருப்பதே ஒரு சாட்சி என்றால், மாஸில் தண்டவாளம் இருப்பது எதையும் சொல்லாது. ரைஃபிளின் எண்ணும் ஸ்கோப் தாங்கியில் உள்ள எண்ணும் ஒத்துப்போகிறதா என்பதுதான் இங்கே கேள்வி. ஒத்துப்போகவில்லையென்றால் அது ஒரு நல்ல ரைஃபிளும் ஒரு நல்ல ஸ்கோப்பும் சேர்ந்த ஜோடி, அவ்வளவுதான்.

முதல் உலகப் போர்க் காலத்து லெபெல் ரைஃபிளுக்கும் ஏபிஎக்ஸ் பெயரில் 1916, 1917 வகை ஸ்கோப்கள் வந்தன. பாரிஸ் அருகே ப்யூத்தோ ஆயுதப் பட்டறையின் சுருக்கப் பெயர்தான் ஏபிஎக்ஸ்.

ரஷ்ய, அமெரிக்க வகைகள்

நம் ஊரில் இவை கிடைப்பது அரிது; படங்களில்தான் அதிகம் வரும். ஆனால் போலி எப்படிப் பிறக்கிறது என்று புரிந்துகொள்ள இரண்டும் உதவும்.

ரஷ்யாவின் மோசின் ரைஃபிளில் 3.5 மடங்கு பியூ ஸ்கோப் பொருத்தினார்கள். ஸ்கோப் இடிக்காமல் இருக்க போல்ட் கைப்பிடியை நீட்டிக் கீழே வளைத்தார்கள். ஸ்கோப் எண் குழலின் பின்முனைப் பகுதியில் குத்தப்பட்டது. போருக்குப் பின் பல ஸ்னைப்பர்களின் ஸ்கோப்பைக் கழற்றி, துளைகளைத் திருகாணியால் அடைத்துச் சாதாரண ரைஃபிளாக்கிவிட்டார்கள். பல ஆண்டு கழித்து வியாபாரிகள் அந்தத் துளைகளைத் திரும்பத் திறந்து ஸ்கோப் மாட்டினார்கள். இதை என்னவென்று சொல்வது? ரைஃபிள் நிஜமாகவே ஸ்னைப்பராக இருந்ததுதான். இன்றைய உருவம் மட்டும் புதிது. வாங்குபவரிடம் இதைச் சொல்லி விற்றால் நேர்மை, சொல்லாமல் விற்றால் மோசடி.

அமெரிக்காவின் எம்1903 ஏ4 ரைஃபிளை 1943, 1944இல் ரெமிங்டன் நிறுவனம் செய்தது; சுமார் 28 ஆயிரம். இதன் ரிசீவரில் "ஏ4" என்று எழுதியிருக்காது, சாதாரண வடிவத்தின் பெயரான "03 ஏ3" என்றுதான் இருக்கும். ஸ்கோப் தாங்கி மறைக்காமல் படிக்கும்படி அந்த எழுத்தை இரண்டு பக்கமும் பிரித்துக் குத்தினார்கள். முன்குறியும் வைக்கவில்லை. சாதாரண 03 ஏ3 ரைஃபிளை எடுத்துத் துளையிட்டவர்களின் போலியில், நடுவே உள்ள எழுத்து ஸ்கோப் தாங்கிக்கு அடியில் மறைந்துகிடக்கும்.

உப்புக்காற்று சொல்லும் சாட்சி

கடலூர், புதுச்சேரிக் கடலோரத்தில் இரும்பு எப்படித் துருப்பிடிக்கும் என்று ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்கும் எல்லோருக்கும் தெரியும். "70 வருஷமாகப் பரணில் கிடந்தது" என்று சொல்லும் ரைஃபிள் கறுப்புப் பூச்சு மின்ன இருந்தால் கதையில் ஏதோ இடிக்கிறது. யாராவது தொடர்ந்து எண்ணெய் போட்டுப் பராமரித்திருக்க வேண்டும், அல்லது அண்மையில் பூச்சு ஏற்றியிருக்க வேண்டும்.

துரு எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். இயல்பாக மரமும் இரும்பும் தொடும் இடுக்கில், முன்கட்டைக்குக் கீழே, திருகாணிப் புரியில் ஈரம் தங்கி அரிக்கும். வெளியே மட்டும் பழுப்பாக, உள்ளே பளிச்சென்று இருந்தால் அது அமிலம் தடவி வரவழைத்த முதுமையாக இருக்கலாம். ஸ்கோப்பின் கண்ணாடியில் இந்த ஈரக்காற்றில் பூஞ்சை நூல் படரும். கண்ணாடித் துண்டுகளை ஒட்டிய பசை மஞ்சளாகிக் கலங்கும். துளி மங்கல் இல்லாத 1943 ஸ்கோப் என்றால் அதைத் திறந்து யாரோ சுத்தம் செய்திருக்கிறார்கள், அல்லது அது 1943இன் பொருளே அல்ல.

சினிமாவுக்கும் அலங்காரத்துக்கும் செய்யும் பொம்மைத் துப்பாக்கிகளைப் பிரிப்பது சுலபம். ரிசீவரில் காந்தம் ஒட்டாவிட்டால் அது எஃகு அல்ல, பெரும்பாலும் துத்தநாகக் கலவை. எடையும் காட்டிக்கொடுக்கும்: ஸ்கோப்போடு நம்பர் 4 டி 5 கிலோவைத் தாண்டும்.

வரிசை எண்ணைத் தேய்த்து அழித்து வேறு எண் குத்தியிருந்தால்? எண்ணைக் குத்தும்போது எழுத்துக்கு அடியில் உள்ள எஃகும் நசுங்கி இறுகுகிறது. மேல்பரப்பைத் தேய்த்தாலும் அந்த இறுக்கம் கொஞ்ச ஆழத்துக்கு இருக்கும். தடயவியல் ஆய்வகத்தில் அமிலக் கரைசல் தடவும்போது அந்த இடம் வேறு வேகத்தில் அரிக்கப்பட்டு, பழைய எண் மங்கலாகத் திரும்பித் தெரியும். வீட்டில் செய்து பார்க்கிற வேலை அல்ல இது, சாட்சியையே அழித்துவிடும்.

குடும்பக் கதையை எப்படி எடைபோடுவது

குடும்பத்தின் நினைவை அவமதிக்க வேண்டியதில்லை. அந்தத் தாத்தா போருக்குப் போனது உண்மையாக இருக்கும்; அவர் பட்ட பாடும் உண்மை. ஆனால் சிப்பாயின் ரைஃபிள் அரசாங்கச் சொத்து. ஊர் திரும்பும்போது ஆயுதக் கிடங்கில் ஒப்படைத்துவிட்டுத்தான் வர வேண்டும். ஸ்னைப்பர் தொகுப்பென்றால் கணக்கு இன்னும் கடுமை. அதனால் "அவர் கொண்டுவந்தார்" என்ற ஒரு வாக்கியம் துப்பாக்கிக்குச் சான்றாகாது.

துப்பாக்கியே சில சமயம் வேறு பயணத்தைச் சொல்லும். பிரிட்டனில் ராணுவத்திலிருந்து கழித்த ரைஃபிளைத் தனியாருக்கு விற்கும் முன், சோதனைச்சாலையில் சுட்டுப் பார்த்துக் குழலில் முத்திரை குத்துவது சட்டம். .303 குழலில் "18.5 டன்" என்ற அழுத்தக் குறிப்பு அப்படி வந்ததுதான். அமெரிக்காவுக்குப் போனவற்றில் 1968க்குப் பிறகு இறக்குமதியாளரின் பெயரைக் குத்த வேண்டியிருந்தது. பர்மாவிலிருந்து நேரே கடலூருக்கு வந்ததாகச் சொல்லப்படும் ரைஃபிளில் இந்த இரண்டில் ஒன்று இருந்தால், அது நடுவே இன்னொரு நாட்டின் சந்தையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

சட்டம்: அசலாக இருந்தால்தான் சிக்கல் பெரிது

விலையை மனதில் வைத்து அசல் என்று நிரூபிக்கத் துடிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பொம்மை என்றால் இவ்வளவு சிக்கல் இல்லை. அசல் என்று ஆன அந்த நிமிடமே அது 1959 ஆயுதச் சட்டத்துக்குள் வரும் துப்பாக்கி.

1. உரிமம் இல்லாமல் எந்தத் துப்பாக்கியையும் வைத்திருக்க முடியாது. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் உள்ளவரும் இரண்டுக்கு மேல் வைத்திருக்க முடியாது, முன்பு மூன்று.

2. .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைஃபிள்கள் சாதாரண உரிமத்தில் அடங்காதவை. பேச்சுவழக்கில் "புரொஹிபிட்டட் போர்" (தடைசெய்யப்பட்ட குழல் அளவு) என்பார்கள். மாவட்ட அளவில் தீரும் விஷயம் அல்ல இது.

3. பழமையான அல்லது பழுதான ஆயுதத்துக்கு 45ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் "பழசு" என்பது மட்டும் போதாது. அப்படியேயும் சுட முடியாது, பழுது பார்த்தாலும் சுட முடியாது என்ற நிலையில் இருக்க வேண்டும். துருப்பிடித்த .303 எண்ணெய் போட்டால் வேலை செய்யும் என்பதால், விலக்கு இருப்பதாக நாமே முடிவு செய்துகொள்வது ஆபத்து.

4. 1972 தொல்பொருள் சட்டத்தில் பொதுவாக 100 ஆண்டு கடந்த பொருள்கள்தான் வரும். முதல் உலகப் போர்க் காலத்து லெபெல் அந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அதை வெளிநாட்டுக்கு விற்று அனுப்ப முடியாது. 1943இல் செய்த நம்பர் 4 டி இன்னும் தாண்டவில்லை. எப்படியானாலும் தொல்பொருள் என்பதற்காக ஆயுதச் சட்டம் ஒதுங்கிக்கொள்ளாது.

பரணில் கண்டெடுத்தால் செய்ய வேண்டியது

உள்ளே தோட்டா இருக்கலாம் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். போல்ட்டை இழுத்துப் பார்க்க வேண்டாம், விசையைத் தொட வேண்டாம், துரு சுரண்ட வேண்டாம். இருந்த இடத்திலேயே படம் எடுங்கள்: இடப்பக்கம் முழுதும், பட் செருகும் குழியின் எழுத்துகள், பட்டின் மேலும் கீழும், ஸ்கோப்பின் குழாயில் உள்ள எழுத்துகள். அடையாளம் காண்பவருக்கு இவை போதுமான தொடக்கம்.

அதன்பின் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தூக்கிக்கொண்டு பைக்கில் போக வேண்டாம், அவர்களை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வாரிசாக ஒரு துப்பாக்கி கைக்கு வந்து, அதற்கு உரிமம் இல்லையென்றால், தாமதமில்லாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு வழி செய்கிறது. ஒப்படைக்கும்போது வரிசை எண்ணும் ஸ்கோப் எண்ணும் குறித்த ரசீது கட்டாயம் வாங்குங்கள். ஸ்கோப்பையும் பிராக்கெட்டையும், கூடவே மரப்பெட்டி இருந்தால் அதையும் ரைஃபிளிலிருந்து பிரித்துக் கொடுக்காதீர்கள். பிரிந்தால் அந்த எண் பொருத்தத்தைப் பிறகு யாராலும் காட்ட முடியாது. தாத்தாவின் ராணுவப் புத்தகம், ஓய்வூதியத் தாள், பழைய உரிமம், படைப்பிரிவு எழுதிய கடிதம் எது இருந்தாலும் நகல் எடுத்துக் கூடவே வையுங்கள். அசல் தாள்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.